எண்ணெய்க் கிணறும் ஏணிப்படியும்

1914-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில், எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி வந்து, நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்துவிட்டு இருளில் மறைந்தது. கரையோரத்தில் நின்ற எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அஞ்சிய மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரை விட்டு வெளியேறினர். ‘எம்டன்’ என்ற சொல்லும் தமிழில் நிலைத்து, எதற்கும் துணிந்த கெட்டிக்காரனைக் குறிக்கும் பெயராயிற்று. உயர்நீதிமன்ற மதிற்சுவரில் பதித்த கல்லொன்று அந்நிகழ்ச்சியை இன்றும் நினைவூட்டி நிற்கிறது.

எரிந்த தொட்டிகள் யாருடையவை என்று கேட்டால், பர்மா ஆயில் கம்பெனியுடையவை என்று சொல்லப் பலர் உளர். ஆனால் அத்தொட்டிகளுக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது, அதைத் தோண்டியவர் யார், சுத்திகரித்தவர் யார், நான்கு காலன் தகர டின்களில் அடைத்து ஊரூராக அனுப்பியவர் யார், அவரவர் பெற்ற கூலி யாது, அக்கூலி உயர வழி இருந்ததா என்று கேட்டால் விடை கூறுவார் அரியர். போர்க்கப்பலின் கதை எழுதப்பட்ட அளவிற்குத் தொழிலாளியின் கதை எழுதப்படவில்லை. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என நீளும் வடசென்னைக் கடற்கரையில் எண்ணெயை நம்பி வாழும் குடும்பங்கள் பல. வளைகுடா எண்ணெய் வயல்களுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம் சமுதாயக் குடும்பங்களும் அவற்றுள் அடங்கும். அவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தால் இவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல முற்படுகிறோம்.

அறபியில் ‘நஃப்த்’ என வழங்கும் இப்பொருள் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ, பாகூ நகரைப் பற்றி எழுதும்போது அங்குள்ள நஃப்த் ஊற்றுகளைக் குறிப்பிட்டுள்ளார். பர்மாவிலும் ஐராவதி ஆற்றங்கரையில் யேனாஞ்சாங் என்னும் ஊரில் ஆங்கிலேயர் வருமுன்பே மக்கள் கையால் கிணறு தோண்டி எண்ணெய் எடுத்து வந்தனர். அவ்வூர்ப் பெயருக்கே நாற்ற நீரோடை என்பதுதான் பொருள். துவின்ஸா எனப்பட்ட 24 குடும்பங்கள் அக்கிணறுகளுக்குப் பரம்பரை உரிமை பெற்றிருந்தன. கயிற்றில் கட்டி இறக்கப்பட்ட ஆள், நச்சாவி காரணமாகச் சில நிமிடங்களே உள்ளே தங்க முடியும். இறங்கியவனுக்குக் கூலியும் கிணற்றுக்குடையவனுக்கு எண்ணெயும் என்பது அன்றே ஏற்பட்ட பங்கீடு.

மேல் பர்மா 1886-இல் ஆங்கிலேய ஆட்சியோடு இணைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பர்மா ஆயில் கம்பெனி ஸ்காட்லாந்தில் பதிவு பெற்றது. கைக்கிணறுகளின் இடத்தில் நீராவியால் இயங்கும் துளைக்கருவிகள் வந்தன. அவற்றை இயக்க அமெரிக்காவிலிருந்து துளைப்பாளர்கள் ஒப்பந்தத்தின் பேரில் வரவழைக்கப்பட்டனர். அவர்களுக்கு உயர்ந்த ஊதியமும் தனி வீடும் பயணச் செலவும் உண்டு. அவர்களுக்குக் கீழே நின்று சங்கிலி இழுத்தவரும் குழாய் சுமந்தவரும் உள்ளூர்ப் பர்மியரும் இந்தியரும் ஆவர். இரங்கூனுக்கு எதிரே சிரியம் என்னுமிடத்தில் அமைந்த சுத்திகரிப்பு ஆலையிலோ இந்தியத் தொழிலாளரே மிகுந்திருந்தனர்.

அக்காலத்தில் சென்னையிலிருந்தும் ஆந்திரத் துறைகளிலிருந்தும் ஆட்களைத் திரட்டி இரங்கூனுக்கு அனுப்பியவர் மேஸ்திரிமார். கப்பல் கட்டணத்தையும் வீட்டுச் செலவுக்குச் சிறு தொகையையும் மேஸ்திரி முன்பணமாகக் கொடுப்பார். வேலைக்குச் சேர்ந்தபின் கூலியிலிருந்து அது கழிக்கப்படும்; அதன்மேல் அவருடைய பங்கும் கழியும். யார் எந்த வேலை செய்வது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல்லிலேயே இருந்தது. தொழிலாளியின் திறமைக்கு அவரே சான்று, அவரே பதிவேடு. மேஸ்திரி மாறினால் பத்தாண்டுத் தேர்ச்சியும் கணக்கில் வராமல் போகும். இக்குறிப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

பர்மாவில் ஏற்பட்ட இந்த வழக்கம் அங்கேயே நின்றுவிடவில்லை. பாரசீகத்தில் எண்ணெய் தேடிய முயற்சிக்குப் பணம் உதவியது இதே பர்மா ஆயில் கம்பெனிதான். 1908-ஆம் ஆண்டு மே மாதம் மஸ்ஜிதே சுலைமான் என்னுமிடத்தில் எண்ணெய் பீறிட்டது. மறு ஆண்டு ஆங்கிலோ பாரசீக எண்ணெய்க் கம்பெனி தோன்றியது. இன்று பி.பி. என்ற பெயரால் உலகெங்கும் அறியப்படுவது அதன் வழிவந்த நிறுவனமே. அபாதான் தீவில் அக்கம்பெனி 1912-இல் சுத்திகரிப்பு ஆலையை இயக்கத் தொடங்கியபோது, அத்தொழிலில் தேர்ந்த கைகள் பாரசீகத்தில் இல்லை. இரங்கூன் ஆலையில் பழகிய இந்தியத் தொழிலாளரும் கைவினைஞரும் கப்பலேறி அபாதான் சென்றனர்.

அவர்களுள் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலொன்று அபாதான் ஆலையின் அருகே இன்றும் உள்ளது. 1920-களில் எழுந்த அதற்கு ‘இரங்கூன்காரர் பள்ளி’ என்பது பெயர். பிற்காலத்தில் அருங்காட்சியகமாக்கப்பட்ட அந்தப் பள்ளியின் பெயர் ஒன்றே, கிழக்கிலிருந்து மேற்கே சென்ற ஓர் உழைக்கும் கூட்டத்திற்குச் சாட்சியாக நிற்கிறது.

அபாதானில் ஏணிக்கு மூன்றே படிகள் இருந்தன. மேற்படியில் பிரிட்டிஷார், நடுப்படியில் எழுத்தர், ஃபிட்டர், எந்திர இயக்குநர் ஆகிய இந்தியர், கீழ்ப்படியில் பாரசீகக் கூலியாட்கள். ஒருவர் எந்தப் படியில் நிற்பார் என்பதை அவர் பிறந்த நாடு முடிவு செய்தது. அங்கிருந்து மேலே செல்வது அரிது. வீடுகளும் அவ்வாறே மூன்று வரிசையாகப் பிரிந்திருந்தன. 1920 டிசம்பரில் இந்தியத் தொழிலாளர் அங்கு வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றனர். 1922-இல் மீண்டும் வேலையை நிறுத்தியபோது, பெருந்தொகையினர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். கூலியை உயர்த்தித் தருவதற்கு இணங்கிய கம்பெனி, ஒன்றுகூடிக் கேட்கும் உரிமையை ஏற்க இணங்கவில்லை என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

இனித் தாயகத்திற்கு வருவோம். 1918 ஏப்ரலில் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. பி. பி. வாடியாவும் திரு. வி. க. அவர்களும் அதற்குத் துணை நின்றனர். 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். தொழிற்சங்கச் சட்டம் 1926-இல் இயற்றப்பட்டது. 1927-இல் சென்னையில் பர்மா ஆயில் கம்பெனித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சிங்காரவேலர் அவர்கள் பக்கம் நின்றார். எம்டன் எரித்த தொட்டிகளின் சொந்தக்காரக் கம்பெனி அதுவே என்பது கருதத்தக்கது. தொட்டி எரிந்த கதையை அறிந்த நாம், பதின்மூன்று ஆண்டு கழித்து அந்தக் கம்பெனியின் தொழிலாளர் தம் கூலிக்காகக் கைகட்டி வெளியே நின்ற கதையை அறியாதிருப்பது முறையன்று.

பர்மாவில் 1938 நவம்பர் இறுதியில் சாவுக் எண்ணெய் வயல் தொழிலாளர் தக்கின் போ ஹ்லா ஜீ என்பாரின் தலைமையில் இரங்கூனை நோக்கி நடைப்பயணம் புறப்பட்டனர். மாணவரும் உழவரும் அவர்களோடு சேர்ந்தனர். பர்மிய நாட்காட்டிக் கணக்கால் அதை 1300-ஆம் ஆண்டுப் புரட்சி என்பர். அதன் சூடு ஆறுமுன், 1939 ஏப்ரலில் அசாமின் டிக்பாய் எண்ணெய் வயலிலும் ஆலையிலும் வேலைநிறுத்தம் எழுந்தது. டிக்பாய் ஆலை 1901-இல் தொடங்கியது. 1921 முதல் அதன் நிர்வாகம் பர்மா ஆயில் கம்பெனியின் கையில் இருந்தது. அவ்வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் உலகப்போர் மூண்டதும், போர்க்காலச் சட்டங்களைக் கொண்டு போராட்டம் அடக்கப்பட்டது.

1942-இல் ஜப்பானியப் படை முன்னேறி வந்தபோது சிரியம் ஆலையையும் யேனாஞ்சாங் கிணறுகளையும் கம்பெனியாரே வெடிவைத்து அழித்தனர். இலட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியே நடந்து தாயகம் திரும்பினர். 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் இரண்டாவது அலையாகத் தமிழர் வந்திறங்கினர். சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தருகே உள்ள பர்மா பஜாரும், வியாசர்பாடிப் பர்மா காலனியும் அவர்களால் ஏற்பட்டவை. திரும்பி வந்தவர்களின் கைகளில் தொழில் இருந்தது. ஆனால் மேஸ்திரியின் வாய்ச்சொல்லையன்றி வேறு சான்று இல்லாதவன், எத்தனை ஆண்டு எந்திரத்தோடு பழகியிருந்தாலும் புதிய ஊரில் புதியவனே. கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்பை எந்த அகதிக் கணக்கும் எழுதவில்லை.

நிற்க. சுதந்திர இந்தியா இக்குறையை நீக்க முயன்றது. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது; ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அதனால் பரவின. 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்ற தொழில்களுக்கு நாடு முழுதும் செல்லும் சான்றிதழ் கிடைத்தது. மேஸ்திரியின் வாய்ச்சொல்லுக்கு மாற்றாக அரசு முத்திரை வந்தது என்று இதைச் சொல்லலாம்.

அந்தக் காலத்தில்தான் மணலியில் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோ நிறுவனமும், ஈரானியத் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் கூடி 1965 டிசம்பரில் மதராஸ் சுத்திகரிப்பு ஆலை நிறுவனத்தை ஏற்படுத்தின. பங்குகள் முறையே 74, 13, 13 விழுக்காடு. ஆண்டுக்கு 25 இலட்சம் டன் சுத்திகரிக்கும் திறனோடு 1969 செப்டம்பரில் ஆலை இயங்கத் தொடங்கியது. ஈரானிலிருந்து வந்த தாரியஸ் என்னும் கச்சா எண்ணெயே அதற்கு முதல் உணவு. ஒரு காலத்தில் சென்னை, இரங்கூன் தொழிலாளரை நடுப்படியிலேயே நிறுத்தி வைத்த அபாதான், பின்னர் ஈரானிய மக்களின் உடைமையாகி, அதன் நிர்வாகக் கம்பெனியே மணலிக்குப் பங்காளியாக வந்தது வரலாற்றின் வியப்பான திருப்பமாகும். அந்த ஆலை 2000-ஆம் ஆண்டு முதல் சென்னைப் பெட்ரோலியக் கழகம் என்ற பெயரால் வழங்குகிறது. தண்டையார்பேட்டைப் பகுதியின் எண்ணெய்க் கிடங்குகளும் இதே போலக் கைமாறின. பர்மா ஷெல் 1976-இல் அரசுடைமையாகிப் பின்னர் பாரத் பெட்ரோலியம் ஆயிற்று.

பொதுத்துறையில் நிரந்தர வேலை பெற்றவனுக்கு ஏணி தெளிவாக இருந்தது. வேலைக்குத் தரம் உண்டு. தரத்திற்கு ஊதிய அளவு உண்டு. ஆண்டுதோறும் உயர்வு உண்டு. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கமும் நிர்வாகமும் அமர்ந்து பேசும் ஊதிய உடன்பாடு உண்டு. வருங்கால வைப்பு நிதி உண்டு. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு பணி முடித்தவனுக்கு ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்று கணக்கிட்டுக் கொடுக்க வழி செய்தது. வடசென்னையில் ஒரு தலைமுறைக் குடும்பங்கள் மாடி வீடு கட்டியதும், பெண்மக்களைக் கல்லூரிக்கு அனுப்பியதும் இந்த ஏணியால்தான்.

ஆனால் அதே வாயிலில் இன்னொரு வரிசையும் இருந்தது. ஒப்பந்தக்காரர் வழியே வரும் தொழிலாளர் வரிசை அது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ‘ஷட்டவுன்’ காலத்தில் வெல்டர், ரிக்கர், சாரம் கட்டுபவர் எனப் பெருந்திரளாக ஆள் வேண்டும். அந்தச் சில வாரங்களில் இரவு பகலாக வேலையும் மிகை நேரக் கூலியும் கிடைக்கும். எந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கியதும் அவர்களுடைய வேலை நின்றுபோகும். 1970-இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. மறு ஆண்டு வகுத்த மத்திய விதிகள், நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வகை வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் அதே ஊதியம் தரவேண்டும் என்றன. ஒப்பந்த முறை ஓரிடத்தில் தடை செய்யப்பட்டால் அத்தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாவர் என்று 1996-இல் ஏர் இந்தியா வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. 2001-இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் அரசியலமைப்பு அமர்வு அக்கருத்தை மாற்றிவிட்டது. ஐந்தாண்டு இடைவெளியில் திறந்து மூடிய அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்கள்தாம் பெரும்பாலும் கடல் கடக்கத் துணிந்தனர்.

கடலுக்கப்பால் அவர்களை அழைத்தது 1973-ஆம் ஆண்டின் விலையேற்றம். பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 டாலராக இருந்தது சில மாதங்களில் 12 டாலரை எட்டியது. அறபு நாடுகளில் கிணறும் ஆலையும் துறைமுகமும் ஒருங்கே எழுந்தன. மேஸ்திரியின் இடத்தில் ஏஜெண்டு வந்தார். முன்பணம் அவர் தருவதற்கு மாறாக, நாம் அவருக்குக் கொடுப்பதாயிற்று. மனைவியின் நகையும் பூர்விக மனையும் அடகு போயின. 1983-இல் வந்த குடிபெயர்வுச் சட்டம் ஏஜெண்டுகள் பதிவு பெறவேண்டும் என்றது. அவர்கள் வாங்கும் கட்டணத்திற்குப் பின்வந்த விதிகள் 30,000 ரூபாயும் வரியும் என்று வரம்பு கட்டின. இவ்வரம்பைப் பல மடங்கு கடந்து பணம் கொடுத்தவர்களை நம் தெருக்களிலேயே காணலாம்.

அறபு நாட்டிலும் இதே ஏணிச் சிக்கல் இருந்ததை நாம் மறத்தல் கூடாது. சவூதி அறேபியாவில் 1938-இல் தம்மாமின் ஏழாவது கிணறு பெருமளவில் எண்ணெய் தந்தது. அங்கு அமெரிக்கக் கம்பெனியான அராம்கோவில் அமெரிக்கர் ஒரு தரம், பிற நாட்டார் ஒரு தரம், மண்ணின் மைந்தரான அறபுத் தொழிலாளர் ஒரு தரம் என்றே ஊதியமும் குடியிருப்பும் அமைந்தன. 1953-இலும் 1956-இலும் அங்கு வேலைநிறுத்தங்கள் நடந்தன. தம் நாட்டவருக்குப் பயிற்சி தரும்படி அரசும் வற்புறுத்தியது. கம்பெனியின் பள்ளிகள் பெருகின; தேர்ந்தவர்கள் மேற்படிப்பிற்கு வெளிநாடு அனுப்பப்பட்டனர்.

அப்பள்ளிகளில் படித்தவர் ஒருவரின் வரலாறு குறிப்பிடத்தக்கது. அலீ அந்நுஐமீ 1935-இல் பிறந்தவர். 1947-இல், பன்னிரண்டு வயதளவில், அராம்கோவில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். வேலை நேரம் போகப் படித்தார். கம்பெனியின் செலவில் அமெரிக்கா சென்று நிலவியல் கற்று 1963-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1984-இல் அக்கம்பெனியின் தலைவராக அமர்ந்த முதல் சவூதியர் அவரே. 1995 முதல் 2016 வரை அந்நாட்டின் எண்ணெய் அமைச்சராக விளங்கினார். அவருடைய அறிவும் உழைப்பும் பெரியவை என்பதில் ஐயமில்லை. எனினும் அதே வயதில் அதே அறிவோடு வந்த அபாதான் கூலியாளுக்கு அந்த உயர்வு கிட்டியிராது. ஏனெனில் அங்கே இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே பள்ளிக்கூடம் என்ற படி வைக்கப்படவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளும் கருத்து இது. எண்ணெய்த் தொழிலில் கூலியை உயர்த்துவது கழிந்த ஆண்டுகளின் எண்ணிக்கையன்று. பலரும் ஏற்கும் சான்றும், அச்சான்றுக்குரிய பதவிப் பெயர் ஒப்பந்தத்தில் இடம்பெறுவதும் சேர்ந்தே கூலியை உயர்த்துகின்றன. இரண்டில் ஒன்று குறைந்தாலும் இருபதாண்டு உழைத்தவன் ஏறிய படியிலேயே நிற்பான்.

இன்றைய ரிக்கில் உள்ள படிகளைப் பார்ப்போம். எடுபிடி வேலை செய்யும் ரவுஸ்டபவுட் அடிப்படி. துளைமேடையில் குழாய்களைப் பூட்டிக் கழற்றும் ஃப்ளோர்மேன் அதற்கு மேல். கோபுரத்தின் உச்சியில் நின்று குழாய்களை நிறுத்தும் டெரிக்மேன் அடுத்தவர். பின் உதவி டிரில்லர், டிரில்லர், இறுதியாக ரிக் முழுவதற்கும் பொறுப்பான டூல்புஷர். கடலிலுள்ள ரிக்குக்குச் செல்வோர் போசியட் என்னும் கடற்பாதுகாப்புப் பயிற்சி பெறவேண்டும். அச்சான்று நான்காண்டு செல்லும். டிரில்லர் ஆக வேண்டுமெனில், கிணறு சீறி வெடிக்காமல் அடக்கும் வித்தையில் ஐ.டபிள்யு.சி.எஃப். போன்ற பன்னாட்டு அமைப்பின் சான்று வேண்டும். அதை இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வெல்டருக்கு 6ஜி என்னும் தேர்வு உண்டு. சாய்ந்து நிற்கும் குழாயைத் திருப்பாமலே சுற்றிப் பற்றவைத்துக் காட்டுவது அது. ஹெல்ப்பராகச் சென்ற பிள்ளை இத்தேர்வுகளுள் ஒன்றை எழுதாத வரையில் ஹெல்ப்பராகவே திரும்பி வருவான். விடுப்பில் ஊர் வரும் இரண்டு மாதத்தில் ஒரு வாரத்தைப் பயிற்சிக்கும் ஒரு தொகையைத் தேர்வுக் கட்டணத்திற்கும் ஒதுக்குமாறு பெற்றோர் சொல்ல வேண்டும். விருந்துக்குச் செலவிடுவதில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

இனி ஒப்பந்தத்தைக் கவனிப்போம். அறபு நாட்டு ஒப்பந்தத் தாள்களைப் பொருள் சொல்லும்படி நம்மிடம் கொண்டு வருவோர் உண்டு. ஐக்கிய அறபு அமீரகத்திலும் சவூதியிலும் அறபு வாசகமும் ஆங்கில வாசகமும் மாறுபட்டால் அறபு வாசகமே செல்லும் என்பது சட்டம். அத்தாள்களில் மூன்று சொற்களை நாம் முதலில் தேடுவது வழக்கம். முதலாவது ‘மிஹ்னா’, அதாவது தொழில். வெல்டராக அழைத்துச் செல்லப்படும் பிள்ளைக்கு அவ்விடத்தில் ‘ஆமில்’, அதாவது கூலியாள் என்று எழுதியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஐந்தாண்டு வெல்டிங் செய்தபின் வேறு கம்பெனிக்கு மாற முயன்றால், தாளில் உள்ள கூலியாளைத்தான் அவர்கள் காண்பார்கள். இரங்கூன் மேஸ்திரி வாயால் செய்ததை இங்கே ஒரு சொல் செய்துவிடுகிறது.

இரண்டாவது ‘அர்ராத்திப் அல்அஸாஸீ’, அடிப்படைச் சம்பளம். மூன்றாவது ‘பதலாத்’, அதாவது படிகள். மொத்தத் தொகையைக் கேட்டு மகிழ்ந்து இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்திடுவோரே மிகுதி. அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணி முடிவுத் தொகை முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள், அதன்மேல் ஆண்டொன்றுக்கு 30 நாள் என்று அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டே கணக்கிடப்படும். இரண்டு வெல்டர்கள் மாதம் 2,000 திர்ஹம் வாங்குவதாகக் கொள்வோம். ஒருவருக்கு அடிப்படை 1,800, மற்றவருக்கு 1,000. இருவரும் பத்தாண்டு உழைத்தால் 255 நாள் அடிப்படைச் சம்பளம் சேரும். முதல்வர் 15,300 திர்ஹத்தோடு ஊர் திரும்புவார். இரண்டாமவர் 8,500 திர்ஹத்தோடு திரும்புவார். மாதந்தோறும் வீட்டுக்கு வந்த பணம் ஒன்றுதான். இறுதியில் 6,800 திர்ஹம் குறைகிறது. மிகை நேரக் கூலியும் அங்கு அடிப்படையை வைத்தே அளக்கப்படுவதால் இழப்பு இன்னும் மிகும்.

இத்தொழிலுக்கு ஏற்ற இறக்கம் உண்டென்பதையும் சொல்லியாக வேண்டும். 2014-இன் நடுவில் 100 டாலருக்கு மேல் விற்ற பீப்பாய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே வந்தது. அவ்வாண்டு சவூதியில் பெரிய கட்டுமான நிறுவனங்கள் சம்பளம் தராமல் முடங்க, ஆயிரக்கணக்கான இந்தியர் முகாம்களில் தவித்தனர். 2020 ஏப்ரலில் ஒரு நாள் அமெரிக்கச் சந்தையில் எண்ணெய் விலை சுழியத்திற்கும் கீழே போயிற்று. விலை வீழும்போது முதலில் நிற்பது ரிக். அப்போது முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவன் அடிப்படியில் நிற்பவன். 2011 முதல் சவூதியில் நடப்பிலுள்ள நிதாக்காத் திட்டம், தம் நாட்டவருக்கு வேலை ஒதுக்கும்படி கம்பெனிகளைப் பணிக்கிறது. அது அவர்களுடைய உரிமை. அவர்கள் போராடிப் பெற்ற ஏணியும் அதுவே. ஆயினும் தகுதிச் சான்றில்லாத வெளிநாட்டாருக்கு அங்கே இடம் ஆண்டுக்காண்டு குறுகி வருகிறது என்பதை உணர்ந்துகொள்ள வேண்டும்.

நம் மத்ரஸாக்களில் ஃபிக்ஹு ஓதும் மாணவர்க்கு ‘இஜாரா’ என்னும் பாடம் உண்டு. கூலிக்கு அமர்த்தும் உடன்படிக்கையில் வேலையும் கூலியும் இன்னதென்று தெளிவாக அறியப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் முதல் விதி. தெளிவின்மை அவ்வுடன்படிக்கைக்குக் குறையாகும். அப்பாடத்தை ஓதிக் கொடுக்கும் நாமும், ஓதிய பிள்ளைகளும், நம் மஹல்லாவிலிருந்து புறப்படும் தொழிலாளியின் தாளில் அத்தெளிவு உள்ளதா என்று பார்த்துச் சொல்வதற்குக் கடமைப்பட்டவர்கள் அல்லமோ? நிக்காஹ் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கும் ஜமாஅத்துகள், மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒப்பந்தத் தாள் படித்துக் காட்டுவதற்கு ஒதுக்கலாம். அறபு அறிந்த ஓர் ஆலிமும், தொழில் அறிந்த ஓய்வுபெற்ற ஃபோர்மேன் ஒருவரும் உடனிருந்தால் போதும். இதற்குப் பெரும் பொருட்செலவும் இல்லை.

பெற்றோர்க்கும் ஒன்று சொல்வோம். பிள்ளைக்கு வேலை வந்ததென்று ஏஜெண்டு சொல்லும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்பது நம் வழக்கம். அதனோடு வேறு மூன்று கேள்விகளையும் கேளுங்கள்: தாளில் எழுதிய தொழில் என்ன? அடிப்படை எவ்வளவு? மூன்றாண்டு கழித்து இதற்கு மேலுள்ள படி எது, அதில் ஏற என்ன சான்று வேண்டும்? இவற்றுக்கு விடை சொல்லத் தயங்கும் ஏஜெண்டிடம் கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டா.